கரைக்கு வந்த உதை

ஃபெபியைக் கட்டிக்கொள்வதற்காகத்தான் சாம்சன் கடலை விட்டான். கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே படகேறியவன். வாலாஜாபாத் பக்கத்துப் பெண்ணான ஃபெபியை ஒரு ஜெபக் கூட்டத்தில் பார்த்தான். அன்றைய பிரசங்கம் ஒன்றுகூட அவன் காதில் ஏறவில்லை. பெண் கேட்கப் போனபோது அவளுடைய அப்பா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ராத்திரி போனவன் காலைல வருவானான்னு பாத்துகினு எம்பொண்ணு கரையில நிக்கணுமா? கம்பெனி வேலைக்குப் போ. கட்டித் தரேன்."

போனான். ஒரகடத்தில் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். சீட்டின் அடியில், அதை முன்பின் தள்ள உதவும் இரும்புத் தண்டவாளத்தை வைத்து முடுக்குவது வேலை. ஒரு சீட் நகர்ந்து போவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். மூக்கு அரித்தால்கூடச் சொறிய நேரம் இருக்காது. கல்யாணம் ஆயிற்று, பெண் குழந்தை பிறந்தது, நிலா என்று பெயர் வைத்தார்கள், அவளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். சாம்சன் மட்டும் இன்னும் காண்ட்ராக்டாகவே இருந்தான்.

அந்தக் கம்பெனியில் இரண்டு சாதி. நீலச் சட்டை பர்மனென்ட், சாம்பல் சட்டை காண்ட்ராக்ட். வேலை ஒன்றுதான். நீலச் சட்டைக்கு ஏசி பஸ். சாம்பல் சட்டைக்கு ஒரு ஓட்டை வேன், அதுவும் வந்தால் உண்டு. நீலச் சட்டைக்காரன் காய்ச்சல் என்று படுத்தால் லீவு, சாம்பல் சட்டைக்காரன் படுத்தால் அவன் இடத்தில் மறுநாள் வேறொரு சாம்பல் சட்டை நிற்கும். ஆண்டுக்கொரு முறை, செக்‌ஷன் மேனேஜர் கை காட்டுகிற நாலைந்து பேருக்கு மட்டும் சட்டையின் நிறம் மாறும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். சாம்சனுக்கு அது கடைசி ஆண்டு. கை காட்ட வேண்டிய மேனேஜரின் பெயர் நம்பிராஜன்.

நம்பிராஜன் திருநெல்வேலிப் பக்கம். கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடுவேன். லைனில் கத்துவார், ஆனால் கெட்ட வார்த்தை பேசமாட்டார். தன் வாய்க்கு எதிர்வாய் பேசினால் மட்டும் தாங்கமாட்டார். மீன் என்றால் உயிர்.

சாம்சன் கடலை முழுதாக விட்டுவிடவில்லை. வார லீவு வந்தால், நிலவில்லாத ராத்திரியாகப் பார்த்து, பைக்கை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போய்விடுவான். சிறுவயதிலிருந்து கூட்டாளியான பகலவனிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. இருட்டில் வலை போட்டுவிட்டு விடியும்போது கரைக்கு வருவார்கள். ஃபெபி இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டாள், மூன்றாம் நாள் மீன் குழம்பு வைப்பாள். அப்படி வந்த மீனில் ஒரு பெரிய கொடுவாயைக் கிறிஸ்துமசுக்கு நம்பிராஜன் வீட்டில் கொடுத்தான். அவர் அதைச் சாப்பிட்டுவிட்டு ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார்.

"ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போவியா சாம்சன்? ராத்திரிக் கடலை நான் பாத்ததே இல்ல."

"வாங்க சார். இன்னா சார் பெரிய விஷயம்?" என்றான் சாம்சன். உள்ளுக்குள் அவனுக்குச் சட்டை பாதி நீலமாகிவிட்டது.

மாசி மாதத்து அமாவாசைக்கு நம்பிராஜன் காரில் குப்பத்துக்கு வந்து இறங்கினார். புதுசாக வாங்கிய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், நெற்றியில் கட்டுகிற விளக்கு, வெயிலே இல்லாத நேரத்துக்கு ஒரு தொப்பி. பகலவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு படகைத் தள்ளினான். இன்ஜின் கைப்பிடி சாம்சன் கையில்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குப்பத்துப் படகுகளில் கைப்பிடி யார் கையிலோ அவன் பேச்சுதான் பேச்சு. படகு யாருடையது, வயதில் யார் பெரியவன் என்கிற கணக்கெல்லாம் தண்ணீரில் கிடையாது. அலை வரும்போது 'தயவுசெய்து' சொல்லிக்கொண்டிருந்தால் ஆள் இருக்கமாட்டான். திட்டுவார்கள், அடிப்பார்கள், பெற்ற அப்பனையே வாடா போடா என்பார்கள். கரையில் கால் வைத்ததும் அத்தனையும் முடிந்தது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். டீ குடிப்பார்கள், மீனைப் பிரிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். அங்கே மன்னிப்புக் கேட்பதுதான் அவமானம். கேட்டால், 'நீ அதை மனசில் வைத்திருப்பாய் என்று நினைத்தேன்' என்று அவனைக் கேவலப்படுத்துவதாக அர்த்தம். சாம்சன் தன் அப்பாவை ஒரு முறை துடுப்பால் அடித்திருக்கிறான். அவர் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கரை விளக்குகள் கடுகாகச் சிறுத்த தூரத்தில் வலையை விட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். படகு நின்று ஆட ஆரம்பித்ததும் நம்பிராஜனுக்குக் குமட்டியது. சாம்சன் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவர் மதியம் சாப்பிட்டது வரைக்கும் வெளியே வந்தது.

"கர லைட்டையே பாருங்க சார். கீழ பாக்காதீங்க. செரியாப் பூடும்."

சரியாயிற்று. சரியான பிறகு மனிதர் வேறு ஆளாகிவிட்டார். தனக்கு மேலே இருப்பவன் தன்னை எப்படி நாய் மாதிரி நடத்துகிறான் என்று சொன்னார். வீட்டில் தன்னிடம் யாரும் பேசுவதில்லை என்றார். இருட்டில் முகம் தெரியாததால் சொல்ல வந்ததா, வயிறு காலியானதால் வந்ததா, தெரியவில்லை. சாம்சனுக்கு அவரைப் பிடித்துப்போனது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுபோல் அவர் முதுகில் தார்ப்பாயைப் போர்த்திவிட்டான்.

"இந்த வருசம் உனக்குத்தான் சாம்சன். நான் பாத்துக்கிடுதேன்," என்றார் நம்பிராஜன்.

விளக்கைப் போட்டு வலையை இழுக்கும்போது வஞ்சிரம் வந்தது. பகலவன் சாம்சனுக்கு ஒரு எட்டு முன்னால் நின்று இழுக்க, ஒவ்வொன்றாக வெள்ளி வெள்ளியாகப் படகுக்குள் விழுந்து துள்ளியது. நம்பிராஜனுக்குக் கை கால் நிற்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு எழுந்து, வலை ஏறுகிற ஓரத்திலேயே போய் நின்றார். குவிந்து கிடந்த வலைக்குள் அவர் ஒரு கால். சாம்சன் அதைப் பார்த்தான். பக்கவாட்டில் இருட்டு மேடாக எழும்பி வருவதையும் பார்த்தான்.

"டேய், உக்காருடா!"

நம்பிராஜன் தன்னைச் சொல்வதாக நினைக்கவே இல்லை. பகலவனைச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பினார். சாம்சன் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடியே எழுந்து, அவர் இடுப்பில் ஓங்கி ஒரு உதை விட்டான். மேனேஜர் மீன்களின் மேல் மல்லாந்து விழுந்தார். எழப் பார்த்தவரின் நெஞ்சில் காலை வைத்து அழுத்திக்கொண்டான். அலை படகைத் தூக்கிச் சாய்த்துப் போட்டது. அரைப் படகு தண்ணீர், பாதி வலை திரும்பக் கடலுக்குள், நம்பிராஜன் கையிலிருந்த போனும் கடலுக்குள். அவர் நின்றிருந்தால் வலை அவர் காலைச் சுற்றிக்கொண்டு கூடவே இழுத்துப்போயிருக்கும். அந்த ஆரஞ்சு ஜாக்கெட் அதற்கெல்லாம் உதவாது.

அலை போனதும் சாம்சன் காலை எடுத்தான். பகலவன் ஒன்றும் நடக்காததுபோல் தண்ணீரை இறைத்தான். நம்பிராஜன் எழுந்து உட்கார்ந்து, கரை வரும்வரை படகின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கரையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தார். இரண்டு வஞ்சிரத்தைப் பையில் போட்டுக் காரில் வைத்தார்கள். அவர் சாம்சன் தோளில் ஒரு முறை கையை வைத்துவிட்டுப் போனார். எல்லாம் முறையாக முடிந்தது என்றே சாம்சன் நினைத்தான்.

திங்கட்கிழமை லைனில் நம்பிராஜன் அவன் பக்கம் திரும்பவில்லை. செவ்வாயும் இல்லை. அவன் நின்ற இடத்தைத் தாண்டும்போது கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே போனார். அந்த வாரம் முழுக்க இதே கதை. சாம்சனுக்குச் சோறு இறங்கவில்லை. ஃபெபி தோண்டித் துருவிக் கேட்டதும் சொல்லிவிட்டான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மேனேஜர எட்டி ஒதச்சியா? நெஞ்சு மேல கால வச்சியா? உனுக்கு இன்னா பைத்தியமா?"

"இல்லன்னா செத்திருப்பாரு, ஃபெபி."

"அது உனுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா? போய் மன்னிப்பு கேளு."

"கடல்ல நடந்ததுக்குக் கரையில மன்னிப்பு கேக்க மாட்டோம். அது அவர அசிங்கப்படுத்துற மாறி."

"அவரு இன்னா உங்க குப்பத்து ஆளா? அவரு கம்பெனிக்காரரு. கம்பெனில எப்பிடிக் கேப்பாங்களோ அப்பிடிக் கேளு. எனக்காக வாணாம், நிலாவுக்காகக் கேளு."

கம்பெனியில் எப்படிக் கேட்பார்கள் என்பது சாம்சனுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரு மீட்டிங் நடக்கும். போல்ட்டைப் போடாமல் விட்டவன், சீட்டைக் கீறியவன், யாராக இருந்தாலும் முன்னால் வந்து, தான் செய்த தவற்றைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள், விஷயம் தீர்ந்தது. நம்பிராஜன் கொண்டுவந்த பழக்கம்தான் அது. மறைக்காதவனை எனக்குப் பிடிக்கும் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை மீட்டிங்கில் நம்பிராஜன் பேசி முடித்ததும் சாம்சன் வரிசையிலிருந்து முன்னால் வந்தான்.

"சார், ஒரு தப்பு சொல்லணும்."

"சொல்லு," என்றார் அவர், காகிதத்திலிருந்து தலை தூக்காமல்.

"போன வாரம் படகுல வச்சி உங்கள டேய்னு சொல்லிட்டேன் சார். எட்டி ஒதச்சிட்டேன். நெஞ்சு மேல கால வச்சிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க சார். மன்னிச்சிடுங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் பழக்க தோஷத்தில் கைதட்டவும் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். நம்பிராஜனின் முகம் காதுவரை சிவந்தது. "சரி, லைனுக்குப் போங்க," என்று மட்டும் சொன்னார்.

மதியம் கேபினுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அது சாம்சனுக்கு நம்பிக்கையாக இருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"உன் மூஞ்சில முழிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு சாம்சன். வாந்தி எடுத்தேன், வீட்டுக் கதையெல்லாம் சொன்னேன், யாரையும் கேக்காம எந்திரிச்சு நின்னேன். நீ இல்லன்னா நான் இல்ல. அது எனக்குத் தெரியாதா? உன் பேரை அப்பவே மேல அனுப்பிட்டேன். நாளைக்கு உன்னைக் கூப்பிட்டு ஆர்டரைக் கையில குடுக்கணும்னு இருந்தேன்."

சாம்சன் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"நம்ம மூணு பேருக்குள்ள இருந்த விசயம் இது. நான் என் வீட்டுல கூடச் சொல்லல. இப்ப கேன்டீன்ல பாத்திரம் கழுவுறவன் வரைக்கும் நெஞ்சுல கால் வச்ச கதையைப் பேசிட்டு இருக்கான். நான் பேசுனா இனிமே இந்த லைன்ல எவன் கேப்பான்? உனக்கு நான் ஆர்டர் குடுத்தா, உதைச்சா பர்மனென்ட்டுன்னு சொல்லிச் சிரிப்பானுங்க. காலைலயே எச்.ஆர்.லருந்து போன் பண்ணிட்டாங்க. உன் பேரை எடுத்தாச்சு." அவர் குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பை வைத்துச் சாம்சன் என்ன செய்வது? "ஏன் சொன்ன சாம்சன்? அதக் கடலோட விட்டுருக்கக் கூடாதா?"

கடலில் நடந்ததைக் கடலோடு விடுகிற குப்பத்துப் பழக்கத்தை, அதில் பிறக்காத அந்த மனிதர் தானாகவே காப்பாற்றி வைத்திருந்தார். அதில் பிறந்தவன் போய் உடைத்துவிட்டு வந்திருக்கிறான். ஒரு உயிரைக் காப்பாற்றியதற்கு ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்டவன் இந்த உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தபோது, சாம்சனுக்குத் தன்னையே ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. "வரேன் சார்," என்று எழுந்தான். ஷிப்ட் முடியும்வரை தண்டவாளங்களை முடுக்கினான்.

வேன் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது ஃபெபி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் நிலா விளையாடிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லார் முன்னாலயும்தான்."

"இன்னா சொன்னாரு?"

சாம்சன் செருப்பைக் கழற்றினான். இரண்டாவது செருப்பைக் கழற்ற அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மன்னிச்சிட்டாரு," என்றான்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்றாள் ஃபெபி. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் சொல்லல? வாய் விட்டுக் கேட்டா மனுசன் எறங்கி வருவான்." உள்ளே ஓடிப் போனை எடுத்து, வாலாஜாபாத்திலிருக்கும் தன் அப்பாவுக்குச் சேதி சொல்ல நம்பரை அழுத்தினாள். சாம்சன் அவளைத் தடுக்கவில்லை.