கடைமடைக்கு முதல் தண்ணீர்

மதிவதனி செய்த வாழைநார் நாப்கின் காவிரியையே உறிஞ்சிவிடும். மேட்டூரில் திறந்துவிட்டதெல்லாம் கீழ்வேளூரோடு நின்றுபோகும். சரி, கொஞ்சம் கூடுதல்தான். அரை டம்ளர் உறிஞ்சும்.

அன்று காலை அந்த நடவுக்காரி மகளுக்கு, வேதியியல் படித்தவளுக்கு, இருப்புக்கொள்ளவில்லை. பதினோரு மணிக்குக் கைப்பேசியில் காப்புரிமை விசாரணை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். காப்புரிமை கிடைக்காவிட்டால், சாம்பிள் வாங்கிப்போன வெளியூர்க் கம்பெனி அதையே மிஷினில் அடித்துத் தள்ளும். அவளுடைய கொட்டகையில் நாப்கின் செய்யும் ஆறு பெண்களும் மறுபடி நடவுக்குத்தான் போகவேண்டும்.

"ஒரு எடத்துல குந்தேன்டி," என்றாள் அம்மா காத்தாயி, வாழைநாரைச் சிக்கெடுத்தபடி.

வக்கீல் கமருன்னிஸா ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "உங்க அடக்கத்த இன்னிக்கு மூட்டை கட்டி வைங்க. 'அதென்ன பெரிய வேலை'ன்னு சொன்னீங்க, போச்சு. யாருக்கும் சுலபமா தோணுறதுக்குக் காப்புரிமை கிடையாது."

திரையில் அதிகாரி வந்தார். "நடுவுல பள்ளம் விட்ட பேடு முன்னாடியே இருக்கு. மெழுகுத்தாளும் இருக்கு. நீங்க பள்ளத்துல மெழுகுத்தாள வெச்சீங்க. ஈரம் நடுவுல தங்காம ரெண்டு ஓரத்துக்கும் முதல்ல ஓடுது. வாய்க்கால் தெரிஞ்ச யாருக்கும் இது தோணாதாம்மா?"

"இங்க தலைமடை ரொம்பினாத்தான் சார் கடைமடைக்குத் தண்ணி. கடைமடைக்கு முதல்ல விட யாருக்குத் தோணும்?"

அதிகாரி பேனாவை எடுத்தார். "உங்களுக்குத் தோணிச்சே. சிரமப்பட்டீங்களா?"

பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு, கேட்குமா? "அதென்ன சார் பெரிய வேலை! ரெண்டு மூணு தடவ செஞ்சு பாத்தேன், வந்துருச்சு."

திரையின் மூலையில் கமருன்னிஸா கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

காத்தாயி நாரை உதறிவிட்டுத் திரைக்குள் முகத்தை நீட்டினாள்.

"பொய்யுங்க சார். நாப்பத்தோரு தடவ சரியா வரல. அத்தனையும் அடுப்புல வெச்சு எரிச்சவ நான். காலேஜு வாத்தியாரு, கொட்டாய்ப் பொம்பளைங்க, நான் உள்பட, நடுவுல பஞ்சக் கூடுதலா வையின்னுதான் சொன்னோம். ஓரத்துக்குத்தான் விடுவேன்னு நின்னவ இவ ஒருத்திதான்."

அதிகாரி எழுதியதை அடித்தார். "நாப்பத்தொண்ணுன்னு போட்டுக்கவா?"

மதிவதனி சோதனை நோட்டைப் புரட்டினாள்.

"இல்ல சார், நாப்பத்தி மூணு. ரெண்ட அம்மாவுக்குத் தெரியாம நானே எரிச்சேன்."