நடு வாங்கில் அகப்பட்ட பாட்டுக்காரி

பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற எழுபதுகள் அவை. நுவரெலியாவில் வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப்போன கல் கோயிலில் வெளிநாட்டுக்காரர்களின் வயலின் கச்சேரி. அதில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவ சபையாரும் ஒரு கீர்த்தனை பாடட்டும் என்று தொரசானி சொல்லிவிட்டார். தோட்டத்துத் துரையின் மனைவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் கூட்டத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான். கையிலோ, அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்த பிள்ளை.

“ஒங்க பாட்டுதான் முதல்ல. பாடிட்டு வெளிய வந்துரலாம்” என்று தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா சொன்னதை நம்பித்தான் லொறியில் ஏறினேன். கைப்பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்து வீட்டுக்காரர் மடியில் கிடத்திவிட்டு, அவரை மதிலோரம் லொறியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள், எங்கள் பாட்டு கடைசியிலாம்.

பெஞ்சுபோல நீளமான வாங்கு. ஒரு கோடியில் சுவர். மறுகோடியில் தொரசானி. நடுவில் நான். தொரசானியின் முழங்காலை உரசிக்கொண்டு வெளியே போகும் துணிச்சல் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆம்பளைகளுக்கே கிடையாது.

வாசிக்கத் தொடங்கினார்கள். சின்ன வயலின், பெரிய வயலின், முழங்காலிடையே நிறுத்தி வாசிக்கும் ஒன்று. நல்ல வாசிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பாட்டு முடியப்போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று கிளம்பிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் என்னோடு ஒரே மலையில் கொழுந்தெடுக்கும் அக்கா. சும்மா இருக்கமாட்டார்.

“பாண் வரிசைன்னா கடைசில பாணாவது கெடைக்கும். இதுல என்னாடி கெடைக்கும்?”

“சத்தம் போடாதீங்கக்கா.”

“நான் எங்க போடுறேன்? அந்தா அந்தப் பெரிய பொட்டிதான் கன்னு போட்ட மாடு மாதிரி கத்துது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்பு கட்டிக் கனக்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான், வாசிப்பு மெல்லிசாக இறங்கிய ஓரிடத்தில், வெளியே என் பிள்ளை அழுவது கேட்டது. சிணுங்கல் இல்லை, பசியழுகை. பெற்றவளுக்குத் தெரியாதா? ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். வயலின் உரக்கப் போனால் அழுகை மறையும், தாழ்ந்தால் திரும்ப வரும். சுவரில் செத்துப்போன துரைமாரின் பேர்களைப் பித்தளையில் வெட்டிப் பதித்திருந்தார்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களும் என்னைப்போல எழுந்துபோக முடியாதவர்கள்தானே.

“புள்ள அழுவுதுடி” என்றார் அக்கா. இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

“தெரியுதுக்கா. எப்பிடிப் போறது?”

சட்டென்று வாசிப்பு நின்றது. வில்களைக் கீழே இறக்கினார்கள். கோயில் முழுக்க அமைதி. எங்கள் தோட்டத்துச் சபையில் கடைசி ஜெபம் முடிந்து இப்படியோர் அமைதி விழுந்தால், ஆசீர்வாதத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்போம். அந்தப் பழக்கத்தில் அக்கா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து எங்கள் வாங்கு முழுவதும் எழுந்தது. கண்ணை மூடித் தலை குனிந்து நின்றோம். எங்களுக்கென்ன தெரியும், அது பாட்டின் நடுவில் விடும் மூச்சு என்று? தொரசானி திடுக்கிட்டு எங்களைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தாமும் எழுந்து நின்றுவிட்டார்.

“போடி!” என்று அக்கா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

நின்றவர்களுக்கு முன்னால் வழி இருந்தது. தொரசானியைத் தாண்டும்போது “மன்னிச்சுக்கங்கம்மா” என்றேனோ இல்லையோ, நினைவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் ஓடினேன்.

வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லொறியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். “செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போகக் கூடாதா? நான் என்னாத்தக் குடுக்குறது இவனுக்கு?” என்று கத்தினார். பிள்ளையை வாங்கி, முன் சீட்டில் ஏறி மார்போடு அணைத்தேன். கடித்துவிடுவதுபோலக் கவ்விக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து உள்ளே கைதட்டல் கேட்டது. பிறகு எங்கள் கீர்த்தனை. எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், அக்காவின் குரல் தாறுமாறான சுதியில் தொடங்கியது.

“ஒங்க பாட்டுல்ல? ஓடு, போயிப் பாடிட்டு வா” என்றார் வீட்டுக்காரர்.

பிள்ளையை மார்பிலிருந்து மெல்ல விலக்கப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே என் தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்தான்.

“போகட்டும், அவங்களே பாடட்டும்” என்றேன்.