மூன்று புள்ளிக்கு ஒரு பொன்னாடை

2024 நவம்பர் 15 – 19. மொத்தம் 921.
2024 நவம்பர் 22 – 22. மொத்தம் 943.
2024 நவம்பர் 29 – 16. மொத்தம் 959.
2025 சனவரி 11 – 27. மொத்தம் 986.
2025 சனவரி 18 – 3. மொத்தம் 989.

ஸ்காபரோவில் எங்கள் பக்கத்துக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்காக நிரூபன் என்ற பெடியன் அடித்த புள்ளிகள் இவை. நான் எழுத வந்தது அவனைப் பற்றியல்ல. ஆயிரம் புள்ளிக்கென்று வாங்கிய பொன்னாடையை 989இல் அவனுக்குப் போர்த்திய குஞ்சித்தம்பியைப் பற்றி. எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் நடந்ததைப் பலரும் பலவிதமாகச் சொல்லித் திரிகிறார்கள். திகதியாவது சரியாக இருக்கட்டும்.

குஞ்சித்தம்பி 1960இல் மட்டக்களப்பு கல்லடியில் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் எப்படியோ, அங்கே கூடைப்பந்து அப்படி. பாடசாலை அணியில் மூன்று வருடம் ஆடினார். 1988இல் கனடா வந்து, ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். 2009இல் ரூஜில் வீடு வாங்கியதும் முதல் வேலையாக வாசலில் ஒரு கூடையை நட்டார். மகள் மிதுஷா பந்தைத் தொட்டும் பார்க்கவில்லை. முப்பது வருடமாக அவர் சொல்லை யாரும் கேட்டு நடந்ததில்லை. வேலையில் மேலாளர் கேட்கவில்லை, கோயிலில் நிர்வாகம் கேட்கவில்லை, வீட்டில் மனைவி இராசமணி கேட்கவில்லை.

2019இல் அவர் ஆதரவாளர் மன்றம் தொடங்கினார். கல்லூரியோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டி, ஆட்ட மண்டபத்தின் வடக்கு மூலையில் நாற்பது ஆசனங்களும் மேளம் அடிக்க எழுத்தில் அனுமதியும் பெற்றார். அனுமதி அவர் பெயரில் இருந்தது. அதனால் அந்த மூலையில் அவர் ராசா. யார் எங்கே இருப்பது, எப்போது எழும்புவது, எப்போது கத்துவது எல்லாம் அவர் சொல்ல வேண்டும். பிந்தி வந்தவரை எல்லோர் முன்னாலும் ஏசுவார். கொடியைத் தூக்கி முன்னால் நின்று, பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் செய்வார். நாங்கள் பொறுத்துக்கொண்டோம். அவர் போனால் மூலையும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சனவரி 12 கூட்டத்தில், நிரூபனுக்குப் பதினான்கு புள்ளிதான் வேண்டும், அடுத்த சனிக்கிழமை வெளியூர் ஆட்டத்திலேயே பாராட்டு விழா என்று அறிவித்தார். பொன்னாடை வாங்கியாகிவிட்டது. 'ஆயிரம் புள்ளி கண்ட அடலேறே' என்று தொடங்கும் வாழ்த்துப்பா கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிருந்தது. கீழே 18.01.2025 என்று பொன்னெழுத்தில் திகதி. பொருளாளர் இராசரத்தினம் யாழ்ப்பாணத்தார், கிரிக்கெட் ஆள். அவருக்கு உடனே கோபம் ஏறியது.

"முதல்ல அவன் அடிக்கட்டும் அண்ணை. பிறகு போர்த்துவம்."

"பதினாலுதானே ரத்தினம். பெடியன் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். அகஸ்ரின் இருபத்திரெண்டாம் திகதி ஊருக்குப் போறார். பிரதம விருந்தினர் இல்லாம நானும் நீங்களுமா போர்த்திறது?"

அகஸ்ரின் பிக்கரிங்கில் வீடு விற்பவர். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தவரும் அவர்தான்.

"அதுவும் அடுத்தவன்ர மண்டபத்திலயோ?"

"அவனும் பாக்கட்டுமே, எங்கட ஆக்கள் எப்பிடி மரியாதை செய்யிறது எண்டு."

நாலு மணித்தியாலம் மேற்கே போனோம். மஞ்சள் பள்ளிக்கூட பஸ், முப்பத்தெட்டுப் பேர், இரண்டு பெட்டி ரோல்ஸ், ஒரு மேளம். மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பாதி நேரத்தில் அவர்கள் 57, நாங்கள் 19. மேளம் அடித்தவர் தடியைக் காலடியில் வைத்துவிட்டார். எதிர்ப்பக்க மாணவர்கள் எங்களைப் பார்த்து, வீட்டுக்குப் போகும் பாதை தெரியுமா என்று ராகம் போட்டுப் பாடினார்கள். அதற்குப் பதில் சொல்ல வாயில்லாத எங்கள் ஆட்கள் எங்கள் பெடியன்களையே பிடித்துக்கொண்டார்கள்.

"டேய், நித்திரையோ? நாங்கள் குளிருக்க வந்தது உங்கட குறட்டையைக் கேக்கவோ?" இது பேபி அக்கா. மல்வேனில் தையற்கடை வைத்திருப்பவர். மன்றத்தில் அவருடைய தொண்டைதான் பெரியது.

"உது கூடைப்பந்தோ, ஒத்தைக்காலில கெந்திற கெந்திக்கோடோ?" என்றார் இராசரத்தினம். பிறகு திரும்பி, "குஞ்சித்தம்பியர், உங்கட ஊர் விளையாட்டு உதுதானே?" என்றார்.

குஞ்சித்தம்பி கேட்கவில்லை. அவர் கண் நிரூபனில் இருந்தது. பெடியன் எறிந்த பந்து ஒன்றும் விழவில்லை. ஒரேயொரு தூர எறி மட்டும் விழுந்தது, அதற்கு மூன்று புள்ளி. மூன்றாம் கால்பகுதியில் பயிற்றுநர் அவனை வெளியே எடுத்து வாங்கில் இருத்தினார். குஞ்சித்தம்பி எழுந்து வாங்குக்குப் பின்னால் போய் நின்றார். அவனை இறக்கு, இன்னும் பதினொன்று வேண்டும் என்று ஆங்கிலத்தில் கத்தினார். பயிற்றுநர் திரும்பிப் பார்க்கவில்லை. குஞ்சித்தம்பி அவருடைய தோளில் தட்டினார். காவலர் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

முடிவு 108க்கு 51.

அதோடு பேசாமல் பஸ்ஸில் ஏறியிருந்தால் அது வெறும் தோல்வி. இரு அணியும் கைகுலுக்கிக்கொண்டிருக்கையில், அகஸ்ரினை இழுத்துக்கொண்டு, பொன்னாடையோடும் சட்டத்தோடும் அவர் மைதானத்துக்குள் இறங்கினார்.

"அங்கிள், ப்ளீஸ். இப்ப வேணாம்," என்றான் நிரூபன். "நான் ஆயிரம் அடிக்கேல்ல. மூண்டுதான் அடிச்சனான்."

"வாற கிழமை வரும்தானே மனே. கொஞ்சம் குனிங்க."

"எவ்ரிபடி பாக்கினம், அங்கிள்."

"பாக்கட்டும் மனே. அதுக்குத்தானே வந்தது."

அகஸ்ரின் போர்த்தினார், புகைப்படத்துக்குச் சிரித்தார். ஐம்பத்தேழு புள்ளியால் தோற்ற அணியின் பெடியன் தங்கச் சரிகையோடு நிற்பதை எதிர்ப்பக்கத்து மாணவர்கள் கைபேசியில் பிடித்தார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. "சீ! வெக்கம் கெட்ட மன்றம்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, பேபி அக்கா கையிலிருந்த ரோல்ஸைக் குஞ்சித்தம்பிக்குக் குறிவைத்து எறிந்தார். அது அகஸ்ரினின் கோட்டில் பட்டு, மினுக்கிய தரையில் விழுந்து, இறைச்சியும் உருளைக்கிழங்குமாகச் சிதறியது. நிரூபன் பொன்னாடையை உருவி வாங்கில் போட்டுவிட்டு உள்ளே போனான். தரையை ஒரு மாணவி துடைத்தாள்.

பஸ்ஸில் அவர் முன் ஆசனத்தில் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "எங்கட ஊரில தோத்தவனுக்கும் மாலை போடுவம்," என்றார், யாரும் கேட்காமலே.

"அது செத்த வீட்டிலயாக்கும்," என்றார் இராசரத்தினம்.

கிற்செனர் தாண்டும் வரை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு துளி அன்பும் இருக்கவில்லை.

சனவரி 23 கல்லூரியின் முதல் கடிதம் வந்தது. எதிர்ப்பக்கம் முறையிட்டிருந்தது, விசாரணை முடியும்வரை வடக்கு மூலை மூடப்படும். 25ஆம் திகதி எங்கள் மண்டபத்திலேயே நிரூபன் பதினைந்து அடித்தான். மொத்தம் 1004. மூலையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாற்பது ஆசனமும் வெறுமை. அன்று பின்னேரம் முழுவதும் குஞ்சித்தம்பி கராஜுக்குள் இருந்தார் என்று இராசமணி சொன்னார்.

இரண்டாம் கடிதம் பெப்ரவரி 6. எறிந்தவரின் பெயரைத் தந்து, பயிற்றுநரிடம் தலைவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால், மூலையைத் திருப்பித் தருவது பற்றி யோசிக்கலாம். இராசரத்தினத்தின் பேஸ்மென்றில் கூடினோம். பேபி அக்காவும் வந்திருந்தார்.

"ரெண்டு வரி," என்றார் இராசரத்தினம். "எழுதித் தாங்கோ. மூலை மிஞ்சும்."

"பெடியனை இருத்தி வைச்சவரிட்ட நான் மன்னிப்புக் கேக்கவோ? அவருக்குத் தடுப்பாட்டம் எண்டா என்னெண்டே தெரியாது."

"சரி, பேரையாவது எழுதுங்கோ. ஆரெண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும்."

பேபி அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சித்தம்பி அவரைப் பார்க்கவில்லை.

"அவவுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவவைப் பிடிக்காது. ஆனா, ரத்தினம், காட்டிக் குடுக்கிற வேலைக்கு நான் ஆள் இல்ல."

அங்கே இருந்த எல்லோருக்கும், ஊரில் சண்டை நடந்த காலத்திலிருந்து, அந்தச் சொல்லோடு ஏதோ ஒரு கணக்கு இருந்தது. அதை அவர் ஒரு ரோல்ஸுக்காகப் பாவித்திருக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் பேர் கேட்கவில்லை. தலைவர் பதவியை விடச் சொல்லி மட்டும் கத்தினார்கள். அனுமதி என் பெயரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் அனுப்பிய பதிலின் பிரதி என்னிடம் உண்டு. நாலு பக்கம். மூன்றரைப் பக்கம் பயிற்றுநரின் தடுப்பாட்டத்தில் உள்ள பிழைகள். அவற்றில் பாதி சரி. கடைசி அரைப் பக்கத்தில், ரோல்ஸை எறிந்தது மன்றம், மன்றத்தின் தலைவர் நான், ஆகவே எறிந்தது நான் என்று எழுதியிருந்தார். வாழ்த்துப்பாவின் மொழிபெயர்ப்பையும் இணைத்திருந்தார். மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.

இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சீட்டெடுத்துப் போய் மண்டபத்தில் சிதறி இருக்கிறோம். பேபி அக்கா எதிர்வரிசையில் இருந்து, பக்கத்தில் யாருமில்லாமல், வழக்கம்போல் பெடியன்களை ஏசுகிறார். குஞ்சித்தம்பியைத் தமிழ்க்கடையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கல்லூரியின் முடிவு ஐந்தே வரி: மூலை இல்லை, மேளம் இல்லை, குஞ்சித்தம்பிக்கு இரண்டு பருவத்துக்கு மண்டபத்துக்குள் நுழையத் தடை, மற்றவர்களுக்குத் தடையில்லை, இதற்குமேல் கடிதம் எழுத வேண்டாம். அந்தக் கடைசிக் கடிதம் அவர் வீட்டுக்கு வந்தது 2025 பெப்ரவரி 27, வியாழக்கிழமை.