குறட்டையும் பச்சைப் பூட்டும்

என் தம்பிக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவர் என் கொழுந்தனாரின் மச்சினி மகன். ஆகவே இரண்டு வீட்டுக்கும் நான்தான் பாலம். பாலத்தை யாரும் பயன்படுத்தியதில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள், மாமனாரின் குறட்டையைச் செல்போனில் பிடித்து மாப்பிள்ளை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். அதிலிருந்து நான்கு வருடமாக இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தாலும், "உப்பு வேணுமான்னு உன் வீட்டுக்காரரைக் கேளு" என்பான் தம்பி. பதிலும் மகள் வழியாகத்தான் வரும்.

மாப்பிள்ளைக்கு ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை. அவருடைய பெரிய கணினி தம்பி வீட்டு மாடியில் இருக்கிறது. இணையம் அங்கேதான் ஒழுங்காக வரும். அதற்குள் மென்பொருளால் மட்டுமே ஆன, உடம்பில்லாத இன்னொரு கணினி ஓடுகிறது. மூன்று மணி நேரப் பயணம் தள்ளியிருக்கும் தன் வீட்டிலிருந்து மடிக்கணினியால் அதைப் பிடித்து வேலை பார்ப்பார். பட்டியல் ஆபீசுக்குப் போக, அந்த உள்கணினியில் விபிஎன் என்ற தனிப்பாதையைத் திறக்க வேண்டும்.

ஒரு நாள் அந்த விபிஎன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதில் 'எல்லாவற்றையும் இந்த வழியே அனுப்பு' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்ததை மாப்பிள்ளை கவனிக்கவில்லை. திறந்துவிட்டார். உள்கணினி அவருக்குத் தரவேண்டிய பதிலையும் ஆபீஸ் பக்கம் அனுப்பிவிட்டது. திரை உறைந்தது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான். மூன்று மணிக்குள் பட்டியல் போகாவிட்டால் வேலை போய்விடும். ஏற்கெனவே இரண்டு தரம் எச்சரித்திருந்தார்கள்.

மணி இரண்டே கால். மனைவி நர்ஸ், டூட்டி முடியும்வரை அவள் போன் பெட்டிக்குள். மாப்பிள்ளை மாமனாரையே கூப்பிட்டார். தம்பி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, நான்தான்."

"அவ இல்லையா?"

"டூட்டியில இருக்கா. மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பாருங்க. பச்சைப் பூட்டு ஒண்ணு தெரியும், அதான் விபிஎன். அதை நிறுத்தணும்."

தம்பி ஏறினான், நானும் பின்னாலேயே போனேன். "பூட்டைத் திறந்தா கண்டவனும் உள்ள வரமாட்டானா?"

"நான்தான் மாமா வருவேன்."

"அதைத்தான் கேட்டேன்."

நிறுத்தினான். டிக்கை எடுக்கச் சொன்னார், எடுத்தான். மறுபடி பூட்டைப் போட்டான். இப்போது ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் தனிப்பாதையில் போனது. மாப்பிள்ளைக்கான பதில் நேராக வந்தது. மூன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது பட்டியல் போய்ச் சேர்ந்தது.

"மாமா, ரொம்ப..."

தம்பி போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "அப்பா, அவர்கிட்ட நேராப் பேசினீங்களாமே!"

"கம்ப்யூட்டர் விஷயம்னா நேராப் பேசச் சொல்லு. மத்ததெல்லாம் உன் வழியாவே வரட்டும்."