நூறு மடங்கு வில்லையில் பூஞ்சணம்

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகளைக் கொண்டுவந்திருந்தார். விட்டு விட்டுக் காய்ச்சல். பிள்ளையின் வெள்ளை அணுக்கள் என்ன வடிவத்தில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லும்படி டொக்டர் எழுதி அனுப்பியிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அந்த வேலை என்னுடையது.

இரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, சாயமேற்றி, காயவிட்டு, ஒரு துளி எண்ணெய் வைத்து, நூறு மடங்கு வில்லையைத் திருப்பினேன். வெறும் ஊதாப் பொட்டுகள். அணுவின் ஓரமும் தெரியவில்லை, உள்ளே கருவும் தெரியவில்லை. சாயம் பிழையாகிவிட்டது என்று நினைத்து அடுத்த நாள் வரச் சொன்னேன். அடுத்த நாளும் அதே கலங்கல். மூன்றாம் நாள் பிள்ளையின் கையைப் பிடித்தபோது, "இன்னும் ஒருக்கா குத்தப் போறீங்களா மிஸ்?" என்று தாய் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சலாகக் கேட்டார்.

பிள்ளையை ஊசி இல்லாமலே வெளியில் இருத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் மைக்ரோஸ்கோப்பைச் சந்தேகித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. அந்தப் பிழை என்னுடையது, மறைக்கவில்லை.

கலங்கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. கண் வைக்கிற வில்லையை விரலால் சுற்றினேன். அதில் தூசி இருந்தால் தூசியும் கூடச் சுற்றும். சுற்றவில்லை. மேடையில் ஸ்லைடை நகர்த்தினேன். கலங்கல் நகரவில்லை, ஆகவே ஸ்லைடில் பிழையில்லை. கீழே விளக்கின் ஒளியைக் குவித்து மேலே அனுப்புகிற கண்டென்சரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், அதன் துவாரத்தை அகட்டிப் பார்த்தேன். வெளிச்சம் கூடிக் குறைந்ததே தவிர மூட்டம் போகவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு நாற்பது மடங்கு வில்லைக்கு மாற்றினேன். படம் தெளிந்தது, ஆனால் அணுவின் உள்ளே பார்க்க அந்தப் பெருக்கம் போதாது. நூறுக்குத் திரும்பினால் மறுபடி மூட்டம்.

அந்த வில்லையைக் கழற்றித் துடைத்து, கண்வில்லை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சணம் வேரோடியிருந்தது. குளிரூட்டி பழுதாகிக் கிடக்கும் அறைக்குள் கடல் ஈரம் அப்படித்தான் வேலை செய்யும். ஸ்லைடிலுள்ளதை முதலில் பெருப்பிப்பது இந்த வில்லை. மேலே கண்ணருகில் உள்ளது இது தருகிற படத்தை இன்னும் பத்து மடங்காக்கும், அவ்வளவுதான். இது கலங்கினால் மேலே உள்ளதால் ஒன்றும் செய்ய முடியாது.

டொக்டர் நேரே வந்தார். "மூணு நாளா ஒரு ரிப்போட் தர ஏலாதா மிஸ்?"

"வில்லை பழுது டொக்டர். நீங்களே இதில இருந்து வில்லைக்குள்ள பாருங்க."

அவர் உட்காரவும் இல்லை, பார்க்கவும் இல்லை. "மத்த ஆக்கள் ஒண்டும் சொல்லல்லியே?"

"அவங்க சலம், மலம் பார்க்கிற ஆக்கள். அதுக்கு நாப்பது போதும்."

அவர் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான அத்தியட்சகரிடம் முறையிட்டார். அத்தியட்சகர் என்னைக் கூப்பிட்டு, நான் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்காமல், "இந்த வருஷம்தான் மிஷினச் சோதிச்சது. முதல்ல உங்கட கண்ணச் சோதிச்சிட்டு வாங்க" என்றார். வாயால் சொன்னது போதாதென்று கடிதமும் தந்தார். பார்வைக் குறைபாடு காரணமாக அறிக்கைகள் தாமதம் என்று அதில் இருந்தது. யார் கண்டார்கள் என் பார்வைக் குறைபாட்டை?

நான் இரத்தம் எடுக்கிற சனங்களோடு அதே ஆஸ்பத்திரியின் கண் கிளினிக் வரிசையில் அரைநாள் இருந்தேன். இரண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு, குறையில்லாத பார்வை. அப்படி எழுதித் தந்த துண்டுச் சீட்டைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தபோது, எழுதுவினைஞராக இருந்த, எல்லோரும் ராத்தா என்று கூப்பிடும் அக்கா கதவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"புது மைக்ரோஸ்கோப் ஒண்டு அத்தியட்சகர் சேர்ட அறைக்குள்ள பெட்டியோட இரிக்கி தங்கச்சி. நாலு மாசமாகுது. குடுத்த ஆள் வெளிநாட்டால வந்து திறந்து வைக்கோணுமாம். அது வரைக்கும் தொடக் கூடாதாம்."

இரண்டு சுவருக்கு அப்பால் நல்ல வில்லை பெட்டிக்குள் இருக்க, நான் ஒரு பிள்ளையின் கையில் இரண்டு தரம் ஊசி ஏற்றியிருக்கிறேன்.

கத்தவில்லை. ஆய்வுகூடத்துக்குப் போய், நூறு மடங்கு தேவைப்படுகிற ஒவ்வொரு படிவத்திலும் 'வில்லை பழுது, அறிக்கை தர இயலாது' என்று எழுதிக் கையொப்பம் வைத்து நோயாளிகளிடமே கொடுத்தேன். அடுத்த நாள் பத்து மணிக்கு அத்தியட்சகரின் கதவடியில் சனம். முன்னால் நின்றது அந்தத் தாய்தான்.

"என்ட புள்ளைக்குக் குத்தினது வீணா சேர்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

நடுப்பகலுக்கு முன் பெட்டி ஆய்வுகூடத்துக்கு வந்தது.

நானே பெட்டியைப் பிரித்து மைக்ரோஸ்கோப்பைப் பொருத்தினேன். பிள்ளையின் பழைய ஸ்லைடையே வைத்து எண்ணெய் விட்டேன். எண்ணெய் இல்லாவிட்டால் ஸ்லைடிலிருந்து வெளியேறும் ஒளி காற்றில் வளைந்து சிதறிவிடும். எண்ணெய் அதை அப்படியே வில்லைக்குள் ஏற்றிக் கொடுக்கும். சிறு திருகை ஒரு மயிரிழை திருப்பினேன். அணுக்கள் ஓரம் வெட்டி வைத்தாற்போல் நின்றன. சாயத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. வைரசுக் காய்ச்சலில் வருகிற வடிவங்கள்தான். டொக்டர் பயந்த இரத்தப் புற்று வகை ஒன்றுமில்லை. அவரே வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தாயிடம் சொன்னார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

அத்தியட்சகரின் கடிதத்தை என் கோப்பிலிருந்து எடுக்கும்படி எழுதிக் கேட்டேன். போட்ட கடிதத்தை எடுக்கிற வழமை இல்லையாம். கண் கிளினிக் துண்டை அதன் பின்னால் இணைக்கலாம் என்றார்கள். இணைத்தார்கள்.

சில கிழமைக்குப் பிறகு மைக்ரோஸ்கோப்பைக் கொடுத்தவர் வெளிநாட்டிலிருந்து வந்தார். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஸ்லைட் பார்த்த மைக்ரோஸ்கோப்பின் எண்ணெயைத் துடைக்கச் சொல்லி, அதற்கு ரிப்பன் கட்டினார்கள். அவர் குனிந்து பார்த்து, "நல்லாத் தெரியுது" என்றார். மைக்ரோஸ்கோப்பின் விளக்கையே யாரும் போட்டிருக்கவில்லை.

"வாங்க மிஸ், நீங்களும் படத்துக்கு நில்லுங்க" என்று அத்தியட்சகர் கூப்பிட்டார்.

"வெளியில ஆக்கள் இருக்கிறாங்க சேர்" என்று சொல்லிவிட்டு, இரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்களில் முதல் ஆளை உள்ளே கூப்பிட்டேன்.