உங்கள் பெரியப்பா ஓட்டிய டர்போ லாரி

பெரியப்பா ஏன் இப்போதெல்லாம் லாரி ஓட்டுவதில்லை என்று நீங்கள் கேட்டபோது, அப்புறம் சொல்கிறேன் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அவர் எதிரில் சொல்ல மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு டர்போ வைத்த புது லாரி ஒன்று வந்தது. பல வருஷம் ஓட்டை வண்டியோடு மல்லுக்கட்டிய என் அண்ணனிடமே முதலாளி சாவியைக் கொடுத்தார். அன்று மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்கக் கேசரி போனது.

டர்போ என்றால் மாயம் ஒன்றும் இல்லை. எஞ்சினிலிருந்து வீணாகப் போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிடும். அதே தண்டின் மறுபக்கம் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்கும். காற்று கூடினால் டீசலும் கூடுதலாக எரியும், இழுவை கூடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிற மாதிரி இருக்கும். பிறகு விசில் சத்தத்தோடு வண்டி தூக்கிக்கொண்டு போகும்.

"பின்னாடி யாரோ தள்ற மாரி கீதுடா" என்பார் அண்ணன்.

அந்தத் தண்டைக் காப்பது ஆயில்தான். எஞ்சின் நின்றால் ஆயில் வருவதும் நின்றுவிடும்; சக்கரம் மட்டும் சூட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

பழைய லாரி டிரைவர்களுக்கு ஒரு வழக்கம். வண்டியை நிறுத்துமுன் ஒரு முறை முழுசாக உறுமவிட்டு, அதே மூச்சில் அணைப்பார்கள். காலையில் சுலபமாக ஸ்டார்ட் ஆகும் என்று ஒரு நம்பிக்கை. அண்ணனும் அப்படித்தான்; அந்த உறுமலைக் கேட்டுத்தான் அண்ணி அவர் குளிக்க அடுப்பில் வெந்நீர் வைப்பார். கம்பெனி ஷெட் மெக்கானிக், டர்போ வண்டிக்கு அந்த உறுமல் வேண்டாம் என்றார்; சக்கரம் வேகம் குறைந்து சூடு தணிய, அணைக்குமுன் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடச் சொன்னார்.

அண்ணன் சிரித்தார். "நிக்கப் போற வண்டிக்கு தாலாட்டு பாடணுமா, மாமே?"

வருஷம் திரும்பவில்லை. ஓசூருக்கு லோடு ஏற்றிப் போன வண்டி, கிருஷ்ணகிரி தாண்டிய ஏற்றத்தில் நீலப்புகை கக்கிக்கொண்டு, இழுக்காமல் நின்றது. பிரித்துப் பார்த்தால் டர்போவின் தண்டு கருகித் தேய்ந்திருந்தது. ஆயில் எஞ்சினுக்குள் இறங்கி அதையும் கெடுத்திருந்தது.

முதலாளி திட்டவில்லை. "சாவிய வெச்சிட்டு ஊட்டுக்கு போப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

விஷயம் பூந்தமல்லி லாரி ஸ்டாண்டு வரை போய்விட்டது. புது வண்டி வைத்திருந்த யாரும் அவரைக் கூப்பிடவில்லை. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பழைய தண்ணீர் லாரி ஓட்டினார், அதையும் விற்றுவிட்டார்கள். இப்போது ஒரு குடோன் வாசலில் கேட் திறந்துவிடுகிறார்.

மெக்கானிக் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று ஒரு நாள் கேட்டேன்.

"வண்டிய எனக்கு தெரியும்னு நென்ச்சிகினு இருந்தேன்டா. அது வேற வண்டி."

முன்பெல்லாம் பஸ்ஸில் ஏறினால், டிரைவர் கியர் போடுவதைப் பார்க்க முன்சீட்டுக்குத்தான் ஓடுவார். இப்போது கடைசி சீட்டுக்குப் போய்விடுகிறார். அவரோடு போகும்போது, முன்னால் உட்காரலாம் வா என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.