வாயில் குண்டூசியோடு போட்ட கையெழுத்து

வாயில குண்டூசி இருக்கும்போது எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கக்கூடாது. தையல்கூடத்துல எல்லாருக்கும் இது தெரியும். அந்த நேரத்துல எங்கிட்ட இருக்கிற ஒரே பதில் "ம்". டீ வேணுமான்னாலும் ம், கட்டடம் எரியுதுன்னாலும் ம். அப்படி ஒரு "ம்"முல என் தங்கச்சியோட ரெண்டு வருஷத்தைத் தூக்கிக் குடுத்தேன். இப்ப நினைச்சாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கு.

அவளுக்கு வீட்டுல பேரு ஏணி. பதினாலு வயசுலயே நிலைப்படியில தலையை இடிச்சுக்குவா. பள்ளிக்கூட போட்டோ ஒவ்வொண்ணுலயும் கடைசி வரிசை, அதுலயும் முட்டியை மடக்கிக்கிட்டு நிப்பா. அம்மா அப்பா போனப்புறம் அவளுக்கு எல்லாமே நான்தான். என் வேலை, மாடல்களுக்கு உடுப்பை மாட்டி, உடம்போட வச்சுப் பின் குத்திச் சரிபண்றது. ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவளை ஒரு ஏஜென்சிக்காரம்மா பார்த்துட்டா. "இந்த முகத்தை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?"ன்னு ஒரே குழைவு. ஏணி அன்னிக்குத்தான் முதல்முதலா முட்டியை நிமித்தி நேரா நின்னா. அது எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அந்தம்மா காகிதத்தோட வந்தா. ஏணிக்குப் பதினேழு வயசு, அதனால பெரியவங்க கையெழுத்து வேணுமாம். நான் மண்டிபோட்டு ஒரு நீள அங்கிக்குக் கீழ் விளிம்பு குத்திக்கிட்டு இருந்தேன், வாய் நிறைய ஊசி. "வழக்கமான காகிதம்தான், இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு"ன்னா. ம்முன்னேன். முட்டிமேல வச்சே போட்டுக் குடுத்துட்டு அடுத்த ஊசியை எடுத்தேன்.

அப்புறம் உத்தரவுதான் வந்துச்சு, வேலை வரல. முடி வெட்டாதே, வெயில்ல அலையாதே, இடுப்பு ஒரு விரக்கடை கூடக்கூடாது. போன் போட்டா, "நேரம் வரும் கண்ணு, பொறு". இவளும் தினம் காலையில என் டேப்பை எடுத்து இடுப்பை அளந்துட்டு, போனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பா. கொஞ்சம் கொஞ்சமா மறுபடியும் முட்டியை மடக்க ஆரம்பிச்சுட்டா.

ஒண்ணே முக்கால் வருஷத்துக்கு மேல இப்படியே போச்சு. ஒரு பெரிய துணிக்கடையோட கேட்டலாகுக்கு அளவு பாக்கிற நாள், நிக்க வேண்டிய பொண்ணு வரல. சரின்னு ஏணியை நிறுத்திக் குத்திக்கிட்டு இருந்தேன். கடைக்காரர் உள்ள வந்தவர் அப்படியே நின்னுட்டார். "எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும். வருஷம் பூரா இவதான்"னார். ஏணி என் கையைப் புடிச்சு நசுக்கினதுல விரல் சிவந்துபோச்சு. அவர் முறைப்படி ஏஜென்சிக்குப் போன் பண்ணினார்.

மறுநாள் ஏஜென்சி அனுப்பினது வேற பொண்ணை! அதே கன்னம், அதே மூக்கு. கூடப் பொறந்தவள்னா யாரும் நம்புவாங்க, உயரம்தான் கம்மி. என் தங்கச்சி உடம்புல வச்சுக் குத்தின உடுப்பை ரெண்டு அங்குலம் மடிச்சு அவளுக்கு நானே குத்தினேன். அது பாவம், என்ன செய்யும்? "உங்க தங்கச்சி ஊர்ல இல்லைன்னு கடைக்காரர்கிட்ட சொன்னாங்களே"ன்னுச்சு. ஊர்ல இல்லையாம்! பத்தடி தள்ளி, இஸ்திரி மேசைக்குப் பின்னால உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா.

மேக்கப் போடுற அக்கா என்னை ஓரமா இழுத்தாங்க. "நீ எந்த மாதிரி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டே?"

"அதுல என்னக்கா மாதிரி?"

"அடிப்பாவி! சிலபேர் ரெண்டு மூணு ஏஜென்சியில பேரைக் குடுத்து வைப்பாங்க, எவங்க வேலை கொண்டு வராங்களோ அவங்களுக்குப் பங்கு. சிலபேர் ஏஜென்சியே வேணாம்னு தானே அலைஞ்சு புடிப்பாங்க. தாய் ஏஜென்சின்னு ஒண்ணு இருக்கு, அது புதுசா வர்ற பொண்ணைத் தயார்பண்ணி வெளியூர் ஏஜென்சியில சேர்த்துவிடும். இவங்க எல்லார்கிட்டயும் வாங்குறது ஒரே ஏஜென்சி ஒப்பந்தம், நீயும் அதைத்தான் போட்டிருப்பே. அவங்க வழியா மட்டும்தான் அவ வேலை செய்யலாம். நல்லவங்களா இருந்தா அதைவிட பலம் கிடையாது, நம்ம பொண்ணுன்னு ஓடுவாங்க. இவங்ககிட்ட இதே முகத்துல ஒருத்தி ஏற்கெனவே நல்லா போயிக்கிட்டு இருக்கா. உன் தங்கச்சியை வேற ஏஜென்சி எடுத்து அவளுக்குப் போட்டியாக்கிடக்கூடாதுன்னு பூட்டி வச்சிருக்காங்க."

எனக்கு வந்த கோவத்துல கத்திரிக்கோலைக் கீழ வச்சுட்டேன். கையில வச்சிருக்க பயமா இருந்தது. ஒரு பொண்ணை வேலைக்கு எடுக்கிறது, எதுக்குன்னா வேலை குடுக்காம இருக்கிறதுக்கு! த்தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா?

வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தை எடுத்தேன். அன்னிக்குத்தான் முதல்தடவையா படிக்கிறேன். நாலாம் பக்கத்துல இருந்தது: ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியுறதுக்கு அறுபது நாளைக்கு முன்னாடி எழுத்துல வேணாம்னு சொல்லலைன்னா, தானா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். விரல் விட்டு எண்ணினேன். முடிய அறுபத்துமூணு நாள் பாக்கி, அப்ப எழுதிக் குடுக்க மூணே நாள். ராத்திரியே எழுதி, காலையில நேரா அவங்க ஆபீஸுக்குப் போய், வாங்கிக்கிட்டோம்னு முத்திரை குத்துற வரைக்கும் நகரமாட்டேன்னு நின்னு வாங்கிட்டு வந்தேன்.

மூணாம் நாள் அந்தம்மாவே தையல்கூடத்துக்கு வந்துட்டா. புதுக் காகிதம். சரியா நான் மண்டிபோட்டு, வாய் நிறைய ஊசியோட இருக்கும்போது. "இந்தத் தடவை வெளியூர்லாம் அனுப்புறோம். உங்க தங்கச்சிக்குப் பதினெட்டு தாண்டிடுச்சு, அவளே கையெழுத்துப் போடலாம். அக்கா சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். என்னக்கா?"

பழக்கம் பாருங்க, தொண்டை வரைக்கும் "ம்" வந்துடுச்சு.

அங்கயே இருந்த ஏணி என் பக்கத்துல வந்து, மோவாய்க்குக் கீழ உள்ளங்கையை நீட்டினா.

"துப்புக்கா."

ஏழு ஊசி. ஒவ்வொண்ணா அவ கையில துப்பினேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து முதல் பக்கத்துலேர்ந்து சத்தமா படிச்சோம். அந்தம்மா உக்கார நாங்க நாற்காலி போடல. நாலாம் பக்கத்துல அதே வரி இருந்தது, இந்தத் தடவை மூணு வருஷம்.

ஏணி காகிதத்தை மடிச்சு அந்தம்மா கையில குடுத்தா. "அந்த கேட்டலாக் போச்சு, அது திரும்பி வராது. நானும் வரமாட்டேன்."

முட்டியை மடக்காம நின்னுதான் சொன்னா. அந்தம்மா அவளை அண்ணாந்து பாக்க வேண்டியிருந்தது.